கைக்கருவி ஜிபிஎஸ்ஸுக்கு மேப்: காசு கொடுத்து வாங்குவதா, இலவசமே போதுமா?

ஓடைக்கரை:

வணக்கம். போன மாதம் கைக்கருவி ஜிபிஎஸ் ஒன்று வாங்கினேன். கார்மின் தயாரிப்பு, பட்டன் வைத்தது, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், பேட்டரிக்கு அடியில் மெமரி கார்டு செருக இடமிருக்கிறது. இதுவரை போனை நம்பித்தான் மலையேறிக்கொண்டிருந்தேன். மழையில் விரல் நனைந்தால் திரை சொன்னபடி கேட்காது. குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். அதனால்தான் இது.

கருவியோடு வந்த மேப்பைத் திறந்தால் நெடுஞ்சாலைகளும் பெரிய ஊர்களும் இரண்டு ஏரிகளும் தெரிகின்றன. நான் நடக்கும் மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெற்றுப் பரப்பு, நடுவில் என்னைக் காட்டும் முக்கோணம், அவ்வளவுதான்.

மலைப்பாதைகளும் உயரக் கோடுகளும் உள்ள டோப்போ மேப் ஒன்றை ஒரு நிறுவனம் விற்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான். "இணையத்தில் சும்மாவே கிடைக்கும்போது எதற்குக் காசு?" என்கிறான் நண்பன்.

எனக்குக் காசு இரண்டாம்பட்சம். காரணம் இது. இரண்டு மாதத்துக்கு முன் நானும் தங்கையும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஓடையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. போனிலிருந்த மேப்பில் ஒரே கோடுதான், இடப்பக்கம். வலப்பக்கத்துப் பாதைதான் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஆனாலும் மேப் சொல்கிறதே என்று இடப்பக்கம் இறங்கினோம். முக்கால் மணி நேரம் கழித்து, புதரை விலக்கிக் காலை எடுத்து வைக்கப்போன இடத்தில் பாறை முடிந்துவிட்டது. கீழே மூன்று மாடி உயரத்துக்குப் பள்ளம். மேப்பில் கோடு அந்த விளிம்பைத் தாண்டி ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி ஏறி முடிக்கும்போது இருட்டிவிட்டது. வழி முழுக்கத் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனை நம்பி வந்தவள். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மேப்பாக இருந்திருந்தால் அந்தப் பாறையைக் காட்டியிருக்குமா? இலவச மேப்பை நம்பி மலைக்குள் போகலாமா? இரண்டையும் ஒரே கருவியில் வைத்துக்கொள்ள முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


குறுக்குவழி:

முதலில் இலவசத்தை ஏற்றிப் பாருங்கள், காசு எங்கும் போய்விடாது. ஒரு சாயங்காலம் போதும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடம். அதன் தரவைக் கார்மின் கருவி படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் தளங்கள் நிறைய. ஓப்பன்டோப்போமேப்பில் நாடுவாரியாகக் கிடைக்கும், காண்டூர், அதாவது உயரக் கோடு, தனிக் கோப்பாக வரும். முழு நாடும் வேண்டாம், என் மலை மட்டும் போதும் என்றால் பிபிபைக் தளத்தில் கட்டம் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தயாரித்து, மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்புவார்கள். மலைச் சைக்கிள்காரர்களுக்கு ஓப்பன்எம்டிபிமேப் என்று தனியாக உண்டு.

ஏற்றும் முறை: மெமரி கார்டை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்து, ஆங்கில எழுத்தில் கார்மின் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் மேப் கோப்பை வையுங்கள். பழைய கருவிகள் ஒரே ஒரு பெயரைத்தான் ஏற்கும்: ஜி, எம், ஏ, பி, எஸ், யு, பி, பி, அப்புறம் புள்ளி, ஐ, எம், ஜி. ஓர் எழுத்து மாறினாலும் மேப் வராது. புதியவை எந்தப் பெயரானாலும் படிக்கும், ஒன்றுக்கு மேல் வைத்தாலும் படிக்கும். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஃபேட்32 அதற்கு மேல் தாங்காது. கருவிக்குள் ஏற்கனவே இருக்கும் கோப்புகள் மேல் கை வைக்காதீர்கள். எல்லாமே கார்டில்தான்.

வாங்கும் முன் கருவி மேப் ஏற்றிக்கொள்ளுமா என்று பார்க்காமல் ஏமாந்தவர்கள் உண்டு. கார்மினின் இ-டிரெக்ஸ் 10 கருவியில் கார்டு செருக இடமே கிடையாது. உங்களுடையதில் இருக்கிறது, நல்லது.


மலைமுகடு:

பாறை விளிம்பைப் பற்றிப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நீங்கள் இருவரும் பத்திரமாகத் திரும்பியதே பெரிது.

பதினான்கு வருடமாகக் கைக்கருவியோடு அலைகிறேன். முதல் ஆறு வருடம் விலைக்கு வாங்கிய மேப், அப்புறம் இலவசம், இப்போது இடத்தைப் பொறுத்து இரண்டும். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் டோப்போ மேப் என்பது ஒரு பொருள் அல்ல. உயரக் கோடு ஒருவர் தந்தது, பாதை இன்னொருவர் தந்தது, ஊர்ப் பெயரும் ஓடையும் வேறு ஒருவர் தந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டித் திரையில் காட்டுகிறார்கள். எந்த அடுக்கு யார் கையிலிருந்து வந்தது என்று பார்த்தால்தான் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பது தெரியும்.

காண்டூரை முதலில் எடுத்துக்கொள்வோம், உங்கள் பாறை அங்கேதான் தொலைந்திருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் உயரம் அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்பார்கள். வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை உள்ள நிலம் முழுவதும் அதில் அடக்கம். இலவச மேப்புகளில் வரும் காண்டூர்களில் பெரும்பகுதி இதிலிருந்தோ, இதுபோன்ற வேறு செயற்கைக்கோள் அளவீட்டிலிருந்தோ வருவதுதான். விலைக்கு விற்பவற்றிலும் இதே தரவை வைத்து வரைந்தவை உண்டு. இதில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த இடைவெளிக்குள் என்ன இருந்தாலும் தெரியாது. பத்து மீட்டர் அகலத்தில் ஓடை வெட்டிய பிளவு இருந்தால் அது சமதளச் சரிவாகிவிடும். அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் மரங்களின் தலையிலேயே பட்டுத் திரும்புவதால் தரை இருப்பதைவிட உயரமாகப் பதிவாகும்.

இந்தப் புள்ளிகளை இணைத்து 20 மீட்டருக்கு ஒரு கோடு இழுக்கிறார்கள். மூன்று மாடி உயரம் என்றீர்கள், பத்து மீட்டர் இருக்கலாம். 20 மீட்டர் இடைவெளியில் பத்து மீட்டர் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுசாக மறைந்துகொள்ளும். கோடுகள் நெருங்கக்கூட வேண்டியதில்லை, மேப்பைப் பார்ப்பவருக்கு நடக்கக்கூடிய சரிவாகத்தான் தெரியும். அதே தரவை வைத்து வரைந்த மேப் என்றால், காசு கொடுத்திருந்தாலும் உங்கள் பாறை தெரிந்திருக்காது.

நாட்டின் நில அளவைத் துறை நேரடியாக அளந்த காண்டூர் வேறு ரகம். பாறைமுகத்தைத் தனிக் குறி போட்டே காட்டுவார்கள். அது இலவசமா கட்டணமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க அரசின் அளவைத் துறையான யுஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போ யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. நார்வே 2013-இல் திறந்துவிட்டது. சுவிட்சர்லாந்து 2021 மார்ச்சில். பிரிட்டனில் மலைநடைக்காரர்கள் விரும்பும் 1:25,000 வரைபடத்துக்கு இன்றும் காசு கொடுக்க வேண்டும், அங்கே நடப்பவர்கள் கொடுக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எனவே விற்கும் நிறுவனத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உயரத் தரவு எங்கிருந்து எடுத்தது? செயற்கைக்கோள் என்று பதில் வந்தால் காண்டூருக்காக நீங்கள் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது பாதை. விலைக்கு வரும் மேப்பில் பாதை பெரும்பாலும் பழைய அளவைத் தாள்களிலிருந்து வரும். அளந்தவர்கள் ஒழுங்காக அளந்திருப்பார்கள். ஆனால் எந்த வருடம்? நான் வாங்கியதில் ஒரு சரிவுக்குக் குறுக்கே அழகாக ஒரு பாதை இருந்தது. போய் நின்றால் சரிவே இல்லை. மண் சரிந்து, செம்மண் மேல் வேரோடு மரங்கள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின் நடுவிலேயே ஆள் உயரத்துக்குப் புதுச் செடி வளர்ந்திருந்தது. சரிந்து பல வருடம் ஆகியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு பதிப்பிலும் அந்தப் பாதை அப்படியே இருந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலோ யாரோ ஒருவர் சரிவுக்கு மேலே சுற்றிப் போகும் புதுத் தடத்தைப் போட்டிருந்தார். அதைப் பிடித்துத்தான் அன்று தாண்டினேன். அவர் யாரென்று தெரியாது, இருந்தாலும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இலவசத்திலும் பாதை தவறாகும், வேறு விதத்தில். 2004-இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் கோடு போடுபவர்கள் இரண்டு வகை. நடந்து, போன வழியை ஜிபிஎஸ்ஸில் தடமாகப் பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து வரைபவர்கள் ஒரு வகை. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் வைத்து, கண்ணுக்குப் பாதைபோலத் தெரிவதன் மேல் கோடு இழுப்பவர்கள் இன்னொரு வகை. சாலைக்கும் வீட்டுக்கும் இரண்டாவது முறை அருமையான முறை. காட்டுக்குள் அது ஊகம். வறண்ட ஓடைப்படுகை, தீத்தடுப்புக்காக மரம் வெட்டிய பட்டை, ஆடு போன தடம் எல்லாம் மேலிருந்து பார்த்தால் பாதைதான்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, விலைக்கு விற்கும் மேப்பில் இந்த வசதி கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உங்கள் மலையைப் பெரிதாக்குங்கள். வலப்பக்கம் அம்பும் கேள்விக்குறியும் சேர்ந்த பொத்தான் இருக்கும். அதை அழுத்திக் கோட்டின் மேல் தொட்டால் அந்தக் கோட்டின் விவரம் வரும். வரலாறு என்பதைத் திறந்தால் எந்த வருடம் போட்டார்கள், எத்தனை முறை திருத்தினார்கள், எதைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். ஐந்தாறு பேர் கைபட்ட கோடு என்றால் நம்பிக்கை வரும். ஒரே பதிப்பு, ஆதாரம் செயற்கைக்கோள் படம் என்றிருந்தால் அந்தக் கோட்டை நான் வெறும் யோசனையாகத்தான் எடுத்துக்கொள்வேன். பொது ஜிபிஎஸ் தடங்கள் என்ற அடுக்கையும் போட்டுப் பாருங்கள், மக்கள் பதிவேற்றிய தடங்கள் கோட்டின் மேல் விழுகின்றனவா என்று தெரியும். பாதை எவ்வளவு தெளிவாகத் தெரியும், எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கவும் அதில் இடம் உண்டு. கடினத்துக்கு சுவிஸ் ஆல்பைன் கழகத்தின் டி1 முதல் டி6 வரையிலான அளவுகோல். அதை நிரப்பியிருந்தால் போட்டவர் பெரும்பாலும் நடந்தவராகத்தான் இருப்பார்.

உங்களைக் கைவிட்ட அந்தக் கோட்டை இப்படிப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பூட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இறக்கிக்கொள்ளும் கட்டண மேப் பெரும்பாலும் ஒரு கருவியோடு பூட்டப்பட்டு வரும். என் பழைய கருவி ஆற்றைக் கடக்கும்போது கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. புதுக் கருவி வாங்கி, மேப்பை மாற்றித் தரச் சொல்லி விற்றவர்களுக்கு எழுதினேன். நான்கு மாதம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் மறுபடி வாங்குங்கள் என்றார்கள். மெமரி கார்டிலேயே விற்பது இன்னொரு வகை, அதைக் கருவி மாற்றிச் செருகலாம், ஆனால் கார்டு தொலைந்தால் மேப்பும் போச்சு. வாங்குவதென்றால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டையும் ஒரே கருவியில் வைக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் இயக்காதீர்கள். ஒன்று இன்னொன்றை மறைக்கும், மறைப்பது உங்களுக்குத் தெரியாது. மேப் அமைப்புக்குள் போய் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த ஒரு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வளைவில் எந்தப் பாறை, ஓடை எங்கே இரண்டாகிறது, எல்லாம் மனசில் இருக்க வேண்டும். அதில் ஏறி இறங்கித் தடத்தைப் பதிவுசெய்யுங்கள். விற்பவர்கள் பலரும் தளத்தில் மாதிரி காட்டுவார்கள். அந்த மாதிரியையும் இலவச மேப்பையும் உங்கள் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மலையைச் சரியாகச் சொல்லாத மேப்பைத் தெரியாத மலையில் நான் நம்ப மாட்டேன்.


ஓடைக்கரை:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நேற்று இரவே பார்த்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. அந்த இடப்பக்கக் கோடு ஒரே பதிப்பு. போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. ஆதாரம் என்ற இடத்தில் செயற்கைக்கோள் படத்தின் பெயர். அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. அதன் மேல் ஒரு ஜிபிஎஸ் தடம்கூட இல்லை. வலப்பக்கம் கோடே கிடையாது, ஆனால் தடங்கள் அடுக்கில் மெல்லிய புள்ளி வரிசைகள் இரண்டு மூன்று கீழ்நோக்கிப் போகின்றன! மக்கள் நடந்திருக்கிறார்கள், யாரும் வரையவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஐந்து நிமிடம் இதைப் பார்த்திருந்தால் அன்று தங்கையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியிருக்க மாட்டேன்.

படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மரங்களுக்கு நடுவே வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் விழும் வழி அது. மேலிருந்து பார்த்தால் எனக்கும் பாதையாகத்தான் தெரிகிறது. வரைந்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சனிக்கிழமை நீங்கள் சொன்ன சோதனையைச் செய்யப்போகிறேன்.


கயிறும்கொக்கியும்:

மலை மீட்புக் குழு ஒன்றில் தன்னார்வலனாக இருக்கிறேன். மலைமுகடு சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

தனியாளுக்கு இலவச மேப் சரி. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது என் கையில் காசு கொடுத்த மேப்தான் இருக்கும், அதுவும் நில அளவைத் துறைத் தாளை அடிப்படையாகக் கொண்டது. அது மாறாது என்பதுதான் காரணம். அதில் தவறு இருந்தாலும் எனக்குத் தெரிந்த தவறு. எங்கே பாதை அழிந்துவிட்டது, எந்தப் பாலம் இல்லை என்று தாளின் ஓரத்தில் வருடாவருடம் எழுதி வைத்திருக்கிறேன். இலவச மேப் இன்று காலை ஒருவர் செய்த மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்த மாற்றம் சரியா என்று மலையில் நின்று சரிபார்க்க எனக்கு நேரம் இருக்காது. தேடுதலுக்கு நான்கு அணியாகப் பிரிந்து போகும்போது நான்கு பேரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒருவர் போன மாதம் இறக்கியது, இன்னொருவர் போன வருடம் இறக்கியது என்றால் வாக்கிடாக்கியில் பேசும்போது இரண்டு பேரும் வேறு வேறு மலையைப் பற்றிப் பேசுவதுபோல ஆகிவிடும்.

படகில் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துக் கடலுக்குள் போகாதீர்கள். ஆழம் அதில் ஒழுங்காக இல்லை. அதற்கு அரசின் கடல் வரைபடம்தான் வேண்டும். அமெரிக்காவில் நோவா என்ற அரசு அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

ஓடைக்கரை தம்பிக்கு ஒரு வேண்டுகோள். எந்த மேப் ஆனாலும் இருக்கட்டும், கருவி இடத்தை எந்த வடிவத்தில் காட்டுகிறது என்று இன்றே பார்த்துக்கொள். பாகையை மட்டும் தசமத்தில் காட்டுவது ஒன்று, பாகையும் கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) காட்டுவது இன்னொன்று. பாகைக்குப் பின் புள்ளி 30 என்பதை முப்பது கலை என்று ஒருவர் எழுதிக்கொண்டால் அட்சரேகையில் மட்டும் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்போம். ஒருமுறை அப்படிப் போய் நின்றிருக்கிறோம். அடிபட்டவர் அந்த இரவு முழுக்க மழையில் கிடந்தார். காலையில்தான் எட்ட முடிந்தது. பழைய தாள் வரைபடத்தோடு ஒப்பிடும்போது அது எந்த டேட்டத்தில், அதாவது இடங்களை அளக்கும் எந்த அடிப்படைக் கணக்கில், அச்சானது என்பதையும் ஓரத்தில் படி. கருவி ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 டேட்டத்தில் இருந்து தாள் பழைய டேட்டத்தில் இருந்தால் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளும்.


மலைமுகடு:

கயிறும்கொக்கியும் சொல்வது எனக்கு உறைக்கிறது. குழு நடத்துபவருக்கு மாறாத மேப் வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இலவச மேப்பையும் ஒரு தேதியில் இறக்கி, அந்த ஒரே கோப்பை அணி முழுவதற்கும் கொடுத்து, பருவம் முடியும்வரை மாற்றாமல் வைக்கலாம். கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து வையுங்கள். பூட்டு இல்லாததால் நான்கு கருவிக்கும் நகலெடுக்கலாம், அதன் உரிமம் அதை அனுமதிக்கிறது. கட்டண மேப்பை இப்படி நகலெடுக்க முடியாது. பூட்டு உடைத்துத் தருகிறேன் என்று சில இடங்களில் விற்கிறார்களே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உழைத்து அளந்தவர்களின் கூலி அது.


ஓடைக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், இனி வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதல் நாள் மேப் வரவே இல்லை. இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கணினி கோப்பின் பெயரோடு 'நகல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தது. அதை எடுத்ததும் வந்துவிட்டது. அடுத்து, காண்டூர் வந்தது, பாதை வரவில்லை. கருவியோடு வந்த அடிப்படை மேப்பை நிறுத்தியதும் அதுவும் சரியானது. முழு நாட்டு மேப்பில் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் திரை மூன்று நான்கு நொடி திணறியது. என் பகுதியை மட்டும் வெட்டி வாங்கிய பிறகு வேகம் வந்துவிட்டது.

சோதனைக்குச் சின்ன வயதிலிருந்து ஏறும் குன்றையே எடுத்தேன். இலவச மேப்பில் பாதை என் தடத்தின் மேலேயே விழுந்தது, நான்கைந்து மீட்டர் வித்தியாசம் இருக்கலாம். குன்றின் மேலுள்ள சுனைகூட இருந்தது. கட்டண மேப்பின் மாதிரியில் அதே பாதை எண்பது மீட்டர் கிழக்கே, முட்புதருக்குள் போகிறது. சுனை இல்லை. காண்டூர் இரண்டிலும் ஒரே அச்சு. உச்சியின் வடக்கே இருக்கும் செங்குத்துப் பாறை இரண்டிலும் மழுங்கிக் கிடக்கிறது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், மரியாதையாகவே பதில் போட்டார்கள்: உயரத் தரவு செயற்கைக்கோள்தான். எனவே இந்த மலைக்கு அதை வாங்கவில்லை. அடுத்த வருடம் வேறு ஒரு மலைத்தொடருக்குப் போகும் எண்ணம் இருக்கிறது. அங்கே நில அளவைத் துறையின் மேப் விலைக்குக் கிடைக்கிறது, பாறைக்குறியோடு. அதை மெமரி கார்டாகவே வாங்குவேன்.

போன ஞாயிறு அந்த ஓடைக்குத் திரும்பப் போனேன். பகலில், நண்பர்கள் இரண்டு பேரோடு. வலப்பக்கப் பாதையில் அடிவாரம் வரை இறங்கித் தடம் எடுத்தேன். பிறகு இடப்பக்கம் விளிம்பு வரை ஒரு முறை போய், இரண்டு கை தூரத்தில் நின்று, விளிம்பின் நீளத்துக்கு நடந்து அதையும் பதிவுசெய்தேன். வீட்டுக்கு வந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, பொய்க்கோட்டை நீக்கினேன், ஏன் நீக்குகிறேன் என்று காரணமும் எழுதினேன். வலப்பக்கப் பாதையைப் போட்டேன். விளிம்பைப் பாறைமுகம் என்று வரைந்தேன். மேப்பை மறுபடி வெட்டி வாங்கிக் கருவியில் ஏற்றினால் இப்போது ஓடைக்கு அப்பால் ஒரே பாதை, வலப்பக்கம். இடப்பக்கம் பல் வைத்த கறுப்புக் கோடு ஒன்று.

தங்கையிடம் கருவியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அந்த மரம் இருந்த இடமா இது?" என்று கேட்டாள்.


மலைமுகடு:

அருமையான வேலை. நீங்கள் வரைந்ததை இப்போதுதான் திறந்து பார்த்தேன். பாதை சுத்தமாக இருக்கிறது. பாறைமுகத்தில் மட்டும் ஒன்றைத் திருத்த வேண்டும், அவசரமாக.

அந்தக் கோட்டுக்குத் திசை உண்டு. வரைந்த திசையில் நடப்பதாக வைத்துக்கொண்டால் வலக்கைப் பக்கம்தான் பள்ளம் என்பது அங்கே விதி. திரையில் தெரியும் பற்கள் அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் விளிம்பில் தெற்கிலிருந்து வடக்கே நடந்திருக்கிறீர்கள், அப்படியே வரைந்தும் இருக்கிறீர்கள். அதனால் இப்போது பள்ளம் கிழக்கே, நீங்கள் இறங்கிவந்த பக்கத்தில் இருப்பதாக மேப் சொல்கிறது. மேலிருந்து வருபவர் ஒரு பாறையின் அடிவாரத்துக்கு வந்து சேரப்போகிறோம் என்று நினைப்பார்.

கோட்டைத் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்துங்கள், திசை திரும்பிவிடும். பற்கள் மேற்கே ஓடையைப் பார்த்து நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.